கைவசம் ஒரு கால்

முடிதிருத்தும் கடையில் காதில் விழுவதில் பாதியை நான் நம்புவதில்லை. மீதிப் பாதி அந்தப் பாதியைவிட மோசமாக இருக்கும் என்பதால் அதைத்தான் முதலில் விசாரிப்பேன். அன்று கத்தரிக்கு அடியில் தலையைக் கொடுத்து உட்கார்ந்திருந்தபோது, பக்கத்து நாற்காலியில் முகமெல்லாம் நுரையோடு சாய்ந்திருந்த ஒருவர் கண்ணாடியைப் பார்த்துச் சொன்னார்:

“எடை அளவு ஆபீஸ்ல யாருக்குப் பிரமோஷன், யாருக்கு டிரான்ஸ்பர்னு முடிவு பண்றது யாரு தெரியுமா? லிப்ட்காரர்.”

கத்தரி நின்றது. “சும்மா இருங்க சார்” என்றார் கடைக்காரர்.

“சும்மாவா? அவர் சின்னதா நாற்காலி செய்வாருய்யா, விரல் உயரத்துக்கு. முதுகை உசத்திச் செஞ்சா பிரமோஷன். காலை உடைச்சா டிரான்ஸ்பர். எங்க சித்தப்பாவையே அப்படித்தான் தூக்கி அடிச்சாங்க.”

“யாரு அடிச்சது?”

“அதான் சொல்றேனே, மேலிடம்!”

அந்த லிப்ட்காரருக்கு ஆபீஸில் வைத்திருக்கும் பெயரே மேலிடம்தானாம். என் தலையில் ஒரு பக்கம்தான் முடிந்திருந்தது. மறு பக்கம் முடிவதற்குள் நாளைக்கே போய்ப் பார்த்துவிடுவது என்று தீர்மானித்துவிட்டேன்.

கடைகளின் எடைக்கல், தராசு, முழக்கோல் எல்லாவற்றையும் சோதித்து முத்திரை குத்தும் அலுவலகம் அது. நாலு மாடி. அங்கே வேலை பார்ப்பவர்களில் தினமும் எதையாவது அளப்பவர் லிப்ட்காரர் ஒருவர்தான் என்பது போன பிறகு தெரிந்தது. கூண்டுக்கதவு வைத்த பழைய லிப்ட். உள்ளே ஒரு முக்காலி, முக்காலிக்கு அடியில் ஒரு பிஸ்கட் டின், முக்காலிமேல் ஐம்பது வயதுக்கு மேற்பட்ட ஒல்லியான மனிதர். காதில் பென்சில், கழுத்தில் மாலைபோல் அளவு நாடா.

“எத்தனாவது மாடி?”

“உங்களைத்தான் பார்க்க வந்தேன்.”

“அப்ப ஆறு ட்ரிப் ஆகும். ஓரமா நில்லுங்க. மூணுக்கும் நாலுக்கும் நடுவுல ஒரு குலுக்கு குலுக்கும், பயப்படாதீங்க.”

ஆறு ட்ரிப்பில் நான் கற்றுக்கொண்டது இது. லிப்ட் கீழே நிற்கும்போதுதான் பிளேடை எடுக்க வேண்டும். ஏறும்போது பசை தடவலாம். இறங்கும்போது உப்புத்தாள் போட்டுத் தேய்க்கலாம். பசை இறுக இரண்டு ட்ரிப் பிடிக்கும், மழைக்காலமென்றால் மூன்று. மூன்றாம் மாடியைத் தாண்டியதும் கையிலிருப்பதை டின்னில் போட்டு மூடிவிட வேண்டும், குலுக்கல் வருகிறது. அவருடைய விரல் நகம் ஒன்றில் பிளேடு போட்ட பழைய கோடு இருந்தது. “இது குலுக்கல் தெரியாத காலத்துல” என்றார்.

டின்னுக்குள் ஐஸ் குச்சிகள், பல் குத்தும் குச்சிகள், ஒரு உடைந்த பிரம்பு, மனைவியின் புருவ இடுக்கி. உண்மையான நாற்காலிகளின் மெத்தை கிழியும்போது அதிலிருந்து ஒரு சதுரம் வெட்டி வைத்துக்கொள்வார். அதே ரெக்ஸின்தான் குட்டி நாற்காலிக்கும். பீரோ வேண்டுமென்றால் பவுடர் டப்பா தகரம். எல்லாம் பன்னிரண்டில் ஒரு பங்கு: நிஜத்தில் ஓர் அடி இருந்தால் இவரிடம் ஓர் அங்குலம்.

மதியம் லிப்டை நிறுத்திவிட்டு மொட்டைமாடிக்கு அழைத்துப் போனார். லிப்ட் மோட்டார் அறையில், மோட்டாருக்குப் பின்னால், துணி போட்டு மூடிய ஏதோ ஒன்று மார்பு உயரத்துக்கு நின்றது. துணியை எடுத்தார். அந்த அலுவலகம் முழுவதும் அங்கே இருந்தது. முன்சுவர் இல்லாத நாலு மாடி. நூற்றுப்பன்னிரண்டு நாற்காலி, அறுபத்தேழு மேசை, சிவப்பு நூலால் கட்டிய கோப்புகள், ஒரு கதவு மட்டும் திறக்காத பீரோ. “நிஜத்துலயும் திறக்காது” என்றார். மனிதர்கள் யாரும் இல்லை.

“ஆள் செய்யலையா?”

“ஆள் மாறிக்கிட்டே இருப்பாங்க சார். யாரு அளவெடுக்கறது?”

இதெல்லாம் எப்படி ஆரம்பித்தது என்று கேட்டேன். இருபது வருடத்துக்கு முன்பு மேலாளருக்கு ஒரு பெரிய மேசை வந்ததாம். எட்டுப் பேர் அரை நாள் மல்லுக்கட்டியும் லிப்டுக்குள் நுழையவில்லை. இவர் ஓர் அட்டையில் மேசையைச் செய்து, இன்னொரு அட்டையில் லிப்டைச் செய்து, முக்காலியில் உட்கார்ந்தபடி திருப்பித் திருப்பிப் பார்த்திருக்கிறார். “தலைகீழா, கால் முன்னால, கொஞ்சம் சாய்ச்சு” என்றாராம். போய்விட்டது. மேசை மேலே போய்விட்டது. அட்டை மேசை கையில் நின்றுவிட்டது. தனியாக இருந்தால் பாவமாக இருக்கிறதே என்று அதற்கு ஒரு நாற்காலி செய்தார். நாற்காலி வந்த பிறகு அறை இல்லாமல் எப்படி? அறை வந்த பிறகு மாடி.

“சரி, பிரமோஷன் கதை?” என்றேன்.

சிரித்தார். “நாற்காலி பறந்து வருமா சார்? என் லிப்ட்லதானே வரணும்.”

விஷயம் அவ்வளவுதான். உத்தரவு கையெழுத்தாக ஒரு வாரம் ஆகும். நாற்காலி வாங்க ஒரு மாதம் ஆகும். விவரம் தெரிந்த ஸ்டோர்காரர் நாற்காலியை முன்கூட்டியே சொல்லிவைத்துவிடுவார். ஆகவே இந்த ஆபீஸில் முதலில் நாற்காலி உயரும், பிறகுதான் ஆள். உயர்முதுகு நாற்காலி ஒன்று லிப்டில் ஏறினால் இவர் வழக்கம்போல அளந்துகொள்வார், அன்றைக்கே குட்டியாகச் செய்துவிடுவார். டின்னுக்குள் எட்டிப் பார்த்தவர்கள், மூன்றாம் நாள் உத்தரவு வந்ததும் வாயைப் பிளந்தார்கள். நுரைமுகத்துக்காரரின் சித்தப்பா விஷயமும் அப்படித்தான். அவர் மேசை ஒரு வாரம் முன்பே கீழே இறங்கிவிட்டது. குட்டி நாற்காலியின் கால் உடைந்தது குலுக்கலில்.

ஆனால் இதை யாரிடம் சொல்வது? அதற்குள் ஆபீஸ் மாறிவிட்டிருந்தது. இவரைக் கண்டால் ‘நீ’ என்றவர்கள் ‘நீங்க’ என்றார்கள், ‘நீங்க’ என்றவர்கள் எழுந்து நின்றார்கள். துணை மேலாளர் ஒருவர் குச்சி சேர்த்துக் கொடுக்கவென்றே பதினோரு நாள் தொடர்ந்து ஐஸ் சாப்பிட்டு, பன்னிரண்டாம் நாள் தொண்டை கட்டி விடுப்பில் போனார். விடுப்பிலிருந்தும் குச்சி அனுப்பினார்.

ஆகவே வதந்தி பொய் என்று நான் வீட்டுக்குப் போயிருப்பேன். கீழ்த்தளத்தில் ஸ்டோர்காரர் மட்டும் என்னைப் பிடித்து நிறுத்தாமல் இருந்திருந்தால்.

“அவர் ஒண்ணும் பண்ணலைன்னு சொல்லியிருப்பாரே? காலைப் பத்திச் சொன்னாரா?”

“எந்தக் கால்?”

“ஆங். அதைக் கேளுங்க.”

கேட்டேன். ஸ்டோர்காரரிடம் கொஞ்சம், லிப்ட்காரரிடம் கொஞ்சம், அவர் வீட்டுக்கே போய் அவர் மனைவியிடம் மீதி. ஒட்டிப் பார்த்தால் இப்படி வருகிறது.

நாலாம் மாடித் தலைமை எழுத்தர் லிப்ட்காரரின் மச்சான். மனைவியின் கூடப் பிறந்த அண்ணன். ஆனால் இது அந்தக் கட்டடத்தில் இரண்டே பேருக்குத் தெரியும். அந்த இரண்டு பேரும் அவர்கள்தான். தங்கையைக் கொடுத்தபோது சொந்தக்காரர்களிடம் “மாப்பிள்ளை எங்க ஆபீஸ்லதான், போக்குவரத்துப் பிரிவு” என்று சொன்னவர் தலைமை எழுத்தர். அதில் பொய் ஒன்றுமில்லை. மேலும் கீழும் போவதும் போக்குவரத்துதானே. வீட்டில் பார்த்தால் வாய் நிறைய “வாங்க மாப்பிள்ளை.” லிப்டுக்குள் கால் வைத்தால் “நாலு.” பதினாறு வருடமாக இந்த ஒரு சொல்தான்.

அந்தத் தலைமை எழுத்தருக்கு ஒரு குறை. அவர் நாற்காலிக்குக் கை இல்லை. அந்த அலுவலகத்தில் கண்காணிப்பாளருக்கும் அவருக்கு மேற்பட்டவர்களுக்கும்தான் கைவைத்த நாற்காலி. முப்பத்தோரு வருடமாகக் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் மார்பில் கட்டிக்கொண்டே உட்கார்ந்திருந்தவர் அவர். கோபக்காரர் என்று எல்லோரும் ஒதுங்கிப் போனார்கள். ஓய்வு பெறும் நாளில் அவரவர் நாற்காலியில் உட்காரவைத்துப் படம் எடுத்து வராந்தாவில் மாட்டுவது வழக்கம். கையைக் கட்டிக்கொண்டே சுவரில் தொங்க அவருக்கு மனமில்லை. ஓய்வுக்கு ஆறு மாதம் இருந்தது. வதந்தி அவர் காதுக்கும் போயிருந்தது.

ஒரு நாள் காலையில் லிப்டில் வேறு யாரும் இல்லை. கதவு மூடியது. மூன்றாம் மாடி தாண்டியது.

“சாப்பிட்டாச்சா, மாப்பிள்ளை?”

லிப்ட் நின்றுவிட்டது.

“என்ன ஆச்சு?”

“நீங்க பேசிட்டீங்க மச்சான். கை நழுவிடுச்சு.”

“நின்னது நின்னுடுச்சு, அப்படியே இருக்கட்டும். ஒண்ணு கேக்கணும். மேல உங்க மோட்டார் ரூம்ல என் நாற்காலி எப்படி இருக்கு?”

“கீழ எப்படி இருக்கோ அப்படித்தான். கையில்லாம.”

“ரெண்டு கை வச்சுடுங்களேன்.”

“இல்லாததை வைக்க மாட்டேன் மச்சான். இருக்கிறதைத்தான் செய்வேன்.”

“ரெண்டு குச்சி மாப்பிள்ளை! உங்க டின்னுல இருக்கிற குப்பையில ரெண்டே ரெண்டு குச்சி!”

“நீங்க குறையிற எடைக்கல்லுக்கு முத்திரை குத்துவீங்களா?”

இந்தக் கேள்விக்கு வேறு சிலர் வேறு பதில் சொல்லியிருப்பார்கள். தலைமை எழுத்தர் யோக்கியர். கையைக் கட்டிக்கொண்டு “நாலு” என்றார்.

விஷயம் அன்று மாலையே வீட்டுக்குப் போய்விட்டது. அந்த அம்மா பாத்திரம் தேய்த்துக்கொண்டே கேட்டாராம்: “ஏங்க, ஊருக்கெல்லாம் நாற்காலி செய்றீங்க. எங்கண்ணனுக்கு ரெண்டு கை வைக்க உங்களுக்குக் கை வரலையா?”

“அவருக்கு நிஜத்துல கை இல்லைம்மா.”

“எங்கண்ணனுக்கா கை இல்லை?”

“நாற்காலிக்கு.”

“என் இடுக்கியை எடுத்து வைங்க. நாளையிலிருந்து எனக்கு வேணும்.”

இடுக்கி இல்லாமல் என்ன செய்ய முடியும்? சமாதானத்துக்கு வந்தார். கைவைத்த நாற்காலி ஒன்று செய்து தயாராக டின்னில் வைத்துக்கொள்வது. நிஜமாக வந்தால் மட்டும் மாடியில் வைப்பது. வராவிட்டால் டின்னிலேயே இருக்கும். கொள்கைக்கும் பழுதில்லை, இடுக்கிக்கும் பழுதில்லை.

மறுநாள் முதல் ட்ரிப்பிலேயே மாதிரிக்கு ஒரு காலைச் செதுக்கிப் பார்த்தார். ஒன்றரை அங்குலம், அழகாக வந்துவிட்டது. மாலையில் மீதிக்கான அளவுகளை ஒரு சீட்டில் எழுதினார். காகிதத்துக்குக்கூட அவர் கடைக்குப் போவதில்லை. எழுதாமல் மிச்சமான பழைய ஆபீஸ் படிவங்கள்தான், தலையில் முத்திரை அச்சடித்தவை. எழுதியது இவ்வளவு:

நாலாம் மாடி, தலைமை எழுத்தர், ஜன்னலோரம். கைவைத்த நாற்காலி 1. மொத்த உயரம் 3 அங்குலம். அகலம் 1¾ அங்குலம். கை 2. கால் 3. (ஒன்று கைவசம் உள்ளது.)

இவர் மறந்துவிடப் போகிறாரே என்று அந்த அம்மா பேனாவை வாங்கித் தலைப்பில் ‘அவசரம்’ என்று எழுதி இரண்டு கோடு போட்டார். “நான்தான் எழுதினேன். தப்பா?” என்று என்னிடமே கேட்டார்.

அடுத்த நாள், மூன்றுக்கும் நாலுக்கும் நடுவில், பியூன் தபால் கட்டோடு லிப்டில் நின்றிருந்தபோது வழக்கமான குலுக்கல். கட்டு அவிழ்ந்தது. டின்னும் கவிழ்ந்தது. இரண்டு பேரும் குனிந்து அவரவர் பொருளைப் பொறுக்கினார்கள். லிப்ட்காரர் குச்சிகளை எண்ணிப் பார்த்தார், சரியாக இருந்தது. சீட்டை எண்ணவில்லை.

சீட்டு தபால் கட்டோடு கொள்முதல் பிரிவுக்குப் போனது. அங்கிருந்த எழுத்தர் படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாராம். மூன்று அங்குல உயரத்தில் நாற்காலியா! எடை அளவு அலுவலகத்திலிருந்து இப்படி ஒரு பிழை வெளியே போனால் மானம் என்ன ஆவது? சிவப்பு மையால் அங்குலத்தை அடித்து ‘அடி’ என்று திருத்தினார். இரண்டு இடத்திலும் திருத்தினார். பன்னிரண்டில் ஒரு பங்கை இதைவிடச் சரியாக யாரும் நிமிர்த்தியிருக்க முடியாது. முத்திரைக் காகிதம், ‘அவசரம்’, இரண்டு கோடு. மேலாளர் ‘அவசரம்’ என்று எழுதியிருப்பதைப் படிக்க மாட்டார், கையெழுத்துதான் போடுவார். போட்டார்.

மூன்று வாரம் கழித்து இரண்டு ஆட்கள் ஒரு நாற்காலியை லிப்டுக்குள் ஏற்றினார்கள். லிப்ட்காரர் வழக்கம்போல நாடாவை எடுத்தார். உயரம் மூன்றடி. அகலம் ஒன்றே முக்கால் அடி. தன் கையெழுத்தை யாரோ சத்தமாகப் படிப்பதுபோல இருந்தது என்றார் என்னிடம்.

“எந்த மாடிங்க இது?”

“நாலு. தலைமை எழுத்தர், ஜன்னலோரம்.”

“ஏன் இப்படிச் சாயுது?”

“மூணு கால்தாங்க போடச் சொன்னாங்க. ஒண்ணு உங்ககிட்டயே இருக்காமே?”

நாற்காலி ஜன்னலோரம் போய்ச் சேர்ந்தது. அதற்குப் பிறகுதான் பணியமைப்புப் பிரிவுக்குத் தலைவலி வந்தது. பதிவேட்டின்படி கைவைத்த நாற்காலியில் தலைமை எழுத்தர் உட்காரக் கூடாது. ஒன்று நாற்காலி தப்பு, அல்லது ஆள் தப்பு. நாற்காலியைத் திருப்பி அனுப்ப ஏழு கையெழுத்தும் ஒரு விளக்கமும் வேண்டும். ஆளை உயர்த்த ஒரே ஒரு கையெழுத்து போதும். பெயரும் மூன்று வருடமாகப் பட்டியலில்தான் இருக்கிறது. ஆளை உயர்த்திவிட்டார்கள்.

ஆகவே முடிதிருத்தும் கடையில் சொன்னது உண்மை என்று இங்கே பதிவு செய்கிறேன். நான் விசாரிக்கப் போவதற்கு இரண்டு மாதம் முன்பே அது உண்மையாகிவிட்டது. பொய்யாக இருந்த காலத்தில் ஊரே நம்பியது. உண்மையான பிறகு நம்பாத ஒரே ஆள் லிப்ட்காரர்தான்.

“நான் ஒண்ணும் பண்ணலை சார். சீட்டுதான் விழுந்தது.”

சரி, கால்? ஸ்டோர்காரர் இதைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டார். சீட்டில் ‘ஒன்று கைவசம் உள்ளது’ என்று தெளிவாக இருக்கிறது. ஸ்டோரில் தேடினார்கள், இல்லை. கையெழுத்தை வைத்து ஆளைக் கண்டுபிடித்து, கைவசமுள்ள காலை உடனே ஒப்படைக்கும்படி லிப்ட்காரருக்கு ஒரு குறிப்பாணை அனுப்பினார்கள். அவர் நேர்மையாக ஓர் உறையில் போட்டு ஒப்படைத்தார். ஒன்றரை அங்குலம்.

“இது என்ன?” என்றாராம் ஸ்டோர்காரர்.

“கால்.”

“மீதி எங்க?”

“அவ்வளவு பெருசா எனக்குச் செய்ய வராதுங்க.”

மற்ற அலுவலகமென்றால் தூக்கி எறிந்திருப்பார்கள். இது எடை அளவு அலுவலகம். அளந்தார்கள். நீளத்தை வைத்துக் கணக்கிடுவதா, எடையை வைத்தா என்று இரண்டு நாள் வாதம் நடந்தது. எடையென்றால் அது ஆயிரத்தெழுநூற்றுச் சொச்சத்தில் ஒரு பங்குதான் ஆகும், லிப்ட்காரர் தாங்க மாட்டார் என்று இரக்கப்பட்டு நீளத்துக்கே விட்டார்கள். பதிவேட்டை ஸ்டோர்காரர் எனக்குத் திருப்பிக் காட்டினார்: ‘கால், பன்னிரண்டில் ஒரு பங்கு பெறப்பட்டது. பன்னிரண்டில் பதினோரு பங்கு பாக்கி.’ கீழே முத்திரை.

நாலாம் மாடிக்கும் ஏறிப் பார்த்தேன். புதிய கண்காணிப்பாளர் இரண்டு கைகளையும் நாற்காலிக் கைகளில் நீட்டி வைத்து உட்கார்ந்திருந்தார். முகத்திலிருந்த கோபத்தைக் காணவில்லை. கால் இல்லாத மூலையில் அலுவலக விதிமுறைத் தொகுப்பு இரண்டு பாகமும் அடுக்கியிருந்தது. “ஆடாம இருக்கேன் சார், ஆனா நிம்மதியா இல்லை” என்றார். “படம் எடுக்க மூணு மாசந்தான் இருக்கு. அன்னிக்கும் விதிமுறைமேலயா உட்காருவேன்? புதுக் கால் கேட்டா, ஒரு கால் ஏற்கெனவே வரவு வச்சாச்சு, மிச்சத்தை அவர்கிட்டயே வாங்கிக்குங்கன்றாங்க.”

மொட்டைமாடியில் அன்று நான் கவனிக்கவில்லை. மறுபடி போய்ப் பார்த்தேன். நாலாம் மாடி ஜன்னலோரத்தில் கைவைத்த குட்டி நாற்காலி, மூன்றே காலில், நாலாவது மூலைக்கு அடியில் அரிசியளவு தடிமனில் இரண்டு புத்தகம். முதுகில் பாகம் ஒன்று, பாகம் இரண்டு என்றுகூட எழுதியிருந்தார்.

“இருக்கிறதைத்தானே சார் செய்யணும்” என்றார்.

கடைசியாக நான் போன காலை, பத்தடிக்க ஐந்து நிமிடம். லிப்டில் ஏழு பேர், எல்லோரும் கண்காணிப்பாளருக்கு இடம் விட்டு ஒடுங்கி நின்றார்கள். கதவு மூடியது. அவர் ‘நாலு’ என்று சொல்லவில்லை.

“மாப்பிள்ளை, என் கால் எப்ப வரும்?”

ஆறு தலை திரும்பின. துணை மேலாளர் வாயிலிருந்த ஐஸ் குச்சியைக் கையில் எடுத்துக்கொண்டார்.

“பன்னிரண்டில ஒரு பங்கு குடுத்துட்டேனே மச்சான்.”

“மிச்சம்?”

மூன்றுக்கும் நாலுக்கும் நடுவில் லிப்ட் ஒரு குலுக்கு குலுக்கியது.

“நாலு” என்று கதவைத் திறந்தார் மேலிடம்.